இருநூறு குதிரைகள் போதாதா?

2012-இல் டொயோட்டா 86 என்ற கார் சந்தைக்கு வந்தது. இரண்டு கதவு, தாழ்ந்த கூரை. பின்னிருக்கை என்று ஒன்று உண்டு, ஆனால் அதில் பையைத்தான் வைக்க முடியும். அன்றிலிருந்து இந்தக் காரைப் பற்றி இரண்டே இரண்டு வாக்கியங்கள்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. ஒன்று: "கார் நல்லாத்தான் இருக்கு, ஆனா பவர் பத்தல." மற்றொன்று: "பவரை மட்டும் பார்க்கிறவனுக்கு இது புரியாது. இதோட அழகே பேலன்ஸ்தான்." மாமாக் கடை மேசையானாலும் சரி, பெரிய கார் இதழ்களின் விமர்சனப் பக்கமானாலும் சரி, பேச்சு இந்த இரண்டு கரைகளுக்கு நடுவில்தான் ஓடியது. 2021-இல் இரண்டாம் தலைமுறையான ஜிஆர்86 வந்தபோது முதல் தரப்பு, "பார்த்தீங்களா, கடைசியில பவரைக் கூட்டிட்டாங்க" என்றது. இரண்டாம் தரப்பு, "ஆனா டர்போ போடலையே" என்றது. இருவருமே ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள்.

என் கருத்து வேறு. முதல் 86-இல் உண்மையிலேயே ஒரு குறை இருந்தது. குறை சொன்னவர்கள் அதை உணர்ந்தார்கள், ஆனால் தப்பான பெயர் வைத்தார்கள். ஆதரித்தவர்கள் அந்தப் பெயர் தப்பு என்று சரியாகவே நிரூபித்தார்கள். நிரூபித்த கையோடு குறையே இல்லை என்றும் முடிவு கட்டிவிட்டார்கள்.

இலக்கிய இதழில் காருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நான் இயந்திரவியல் படித்தவன். எனக்கு ஒரு கார் என்பது எதை வைப்பது, எதை விடுவது என்று சிலர் எடுத்த முடிவுகளின் தொகுப்பு. சிறுகதையைப் போலவே அதையும் உட்கார்ந்து வாசிக்கலாம். மேலும், இந்தக் காரின் பெயருக்குப் பின்னால் இருப்பது ஒரு கதை. அந்தக் கதையைச் சரியாக வாசிக்காததால்தான் பாதிச் சண்டை வந்தது என்று நினைக்கிறேன்.

86 என்ற எண் 1983-இல் வந்த கொரோலா லெவின், ஸ்பிரிண்டர் ட்ரூனோ ஆகிய இரட்டைக் கார்களின் உள்குறியீட்டிலிருந்து வருகிறது. ஏஇ86. அந்தத் தலைமுறையில் மற்றக் கொரோலாக்கள் முன்சக்கர இயக்கத்துக்கு மாறிக்கொண்டிருந்தன. இந்த இரண்டு மட்டும் பழைய பின்சக்கர அமைப்பிலேயே தங்கிவிட்டன. 1.6 லிட்டர் 4ஏ-ஜிஇ இன்ஜின், அன்றைய ஜப்பானிய அளவுமுறையில் 130 குதிரைத்திறன், எடை 940 கிலோவுக்கு அருகில். 1987-இல் உற்பத்தி நின்றது. அதற்குப் பிறகு அது மலிவான பழைய கார். மலிவாகவும் லேசாகவும் பின்சக்கரம் தள்ளும்படியும் இருந்ததால் ஜப்பானின் மலைப்பாதைகளில் ஓட்டிப் பழகும் இளைஞர்களின் கைக்குப் போனது. இங்கே அந்த மாடல் கிடைப்பது அரிது. அதற்கு முந்தைய தலைமுறைப் பின்சக்கரக் கொரோலாவான கேஇ70-ஐ வைத்து டிரிஃப்ட் பழகியவர்கள்தான் நம் ஊரில் அதிகம்.

பிறகு 1995-இல் ஷூய்ச்சி ஷிகெனோ 'இனிஷியல் டி' என்ற மங்கா தொடரை எழுதத் தொடங்கினார். அது 2013 வரை ஓடியது. நம்மில் பலர் அதை அனிமேயாகவோ, ஜே சௌ நடித்த 2005-ஆம் ஆண்டு ஹாங்காங் படமாகவோ பார்த்தவர்கள். தக்குமி என்ற பையன் அப்பாவின் தோஃபு கடைக்காக விடியற்காலையில் மலையேறிச் சரக்குக் கொடுத்துவிட்டு வருகிறான். காரில் ஒரு கோப்பை நீர் இருக்கும். அது சிந்தக் கூடாது. இப்படியே வருடக்கணக்கில் ஓட்டிப் பழகியவன், தன்னுடைய பழைய ட்ரூனோவில் ஸ்கைலைன் ஜிடி-ஆர், ஆர்எக்ஸ்-7 போன்ற பெரிய கார்களை முந்துகிறான். கேட்கவே இனிப்பான கதை. ஏழைப் பையன், பழைய கார், கைத்திறன். பவருக்கு எதிராக பேலன்ஸ் பெற்ற வெற்றி என்று இதைச் சொல்லித்தான் 86-இன் ரசிகர்கள் வளர்ந்தார்கள்.

ஆனால் ஷிகெனோ அவ்வளவு எளிதாக எழுதவில்லை. தக்குமி ஜெயிப்பது இறக்கத்தில். இறக்கத்தில் ஓடும் காருக்குப் புவியீர்ப்பே பவர் கொடுக்கிறது, அதுவும் எல்லாருக்கும் இலவசமாக. அங்கே 130 குதிரைத்திறன் காருக்கும் 280 குதிரைத்திறன் காருக்கும் உள்ள வித்தியாசம் சுருங்கிவிடுகிறது. மிஞ்சுவது பிரேக், டயர், திருப்பம், எடை. இவை நான்கிலும் லேசான கார் முன்னால் நிற்கும். அதே பாதையை ஏற்றத்தில் வைத்திருந்தால் கதை முதல் அத்தியாயத்திலேயே முடிந்திருக்கும். பின்னால் வரும் 'புராஜெக்ட் டி' அணியில் இறக்கம் தக்குமிக்கு, ஏற்றம் கெய்சுகேயின் ஆர்எக்ஸ்-7-க்கு என்று வேலையே பிரிக்கப்படுகிறது. கதைக்குள் இருப்பவர்களுக்கு இது தெரியும். நாம்தான் மறந்துவிட்டோம்.

இன்னொன்றும் உண்டு. தொடரின் நடுவில் ஒரு பந்தயத்தில் தக்குமியின் இன்ஜின் வெடித்துப்போகிறது. அப்பா புந்தா அதற்குப் பதிலாகப் பந்தயத்துக்கென்று செய்யப்பட்ட ஒரு 4ஏ-ஜிஇ இன்ஜினை வாங்கிப் பொருத்துகிறார். நிமிடத்துக்கு 11,000 சுழற்சி வரை போகக்கூடியது. அதாவது, பேலன்ஸின் புராணமாக நாம் கொண்டாடும் கதையிலேயே கார் பாதியில் பவரைக் கூட்டிக்கொள்கிறது. ஆனால் புது இன்ஜின் வந்ததும் தக்குமி வேகமாகிவிடுவதில்லை. முதலில் கார் அவனுக்குப் பிடிபடவே மாட்டேன் என்கிறது. இன்ஜின் சுழற்சியைக் காட்டும் மானியைப் பொருத்தி, இந்த இன்ஜினின் உயிர் எந்தச் சுழற்சியில் இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் அது அவன் காராகிறது. பவர் எவ்வளவு என்பதைவிட அது எங்கே இருக்கிறது என்பது முக்கியமாகும் இடம் இது. இதை மனதில் வைத்துக்கொண்டு 2012-க்கு வருவோம்.

2005-இல் டொயோட்டா, சுபாரு கார்களைச் செய்யும் ஃபுஜி ஹெவி இண்டஸ்ட்ரீஸில் பங்கு வாங்கியது. அந்த உறவில் பிறந்த கூட்டுக் கார் இது. சுபாரு பெயரில் வந்தால் பிஆர்இசட், டொயோட்டா பெயரில் வந்தால் 86. செய்யப்பட்டது குன்மா மாநிலத்தில் ஓட்டா நகரத்துச் சுபாரு ஆலையில். மங்காவில் அகினா என்று பெயர் மாற்றி வரும் ஹருனா மலையும் அதே குன்மாவில்தான் இருக்கிறது. திட்டத்தின் தலைமைப் பொறியாளர் டெட்சுயா தாடா. டர்போ வேண்டாம், நான்கு சக்கர இயக்கம் வேண்டாம், சாலையோடு ஒட்டிப்பிடிக்கும் அகலமான டயர் வேண்டாம் என்பது அவர் வகுத்த கொள்கை.

மூன்றாவது 'வேண்டாம்' விசித்திரமானது. ஸ்போர்ட்ஸ் காருக்குப் போட்ட டயர், ப்ரியஸ் ஹைப்ரிட் காருக்கும் போடப்பட்ட அதே வகை மிஷெலின் பிரைமசி. "ப்ரியஸ் டயர் போட்ட ஸ்போர்ட்ஸ் கார்" என்று சிரித்தவர்கள் உண்டு. ஆனால் காரணம் தெளிவானது. டயரின் பிடி குறைவாக இருந்தால் கார் தன் எல்லையைக் குறைந்த வேகத்திலேயே ஓட்டுநருக்குக் காட்டிவிடும். பின்சக்கரம் நழுவத் தொடங்குவதை 150-இல் தெரிந்துகொள்வதைவிட 60-இல் தெரிந்துகொள்வது நல்லது. நம் நெடுஞ்சாலையில் உச்ச வேகம் 110. சட்டத்துக்குள் ஓட்டுகிறவனுக்கும் ஏதாவது தருகிற ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அது இப்படித்தான் இருக்க முடியும். இதில் ஒரு நேர்மை இருக்கிறது. ஓட்டுநரை வீரனாக்குவதாக இந்தக் கார் வாக்குக் கொடுக்கவில்லை, கற்றுக்கொடுப்பதாக மட்டும் சொன்னது.

டர்போ ஏன் வேண்டாம்? இந்தக் கேள்வியை ரசிகர்கள் சும்மா கேட்கவில்லை. 86-இன் எஃப்ஏ20 இன்ஜின் 2 லிட்டரில் 200 குதிரைத்திறன் கொடுத்தது. அதே 2012-இல் அதே எஃப்ஏ20 குடும்பத்தைச் சேர்ந்த டர்போ இன்ஜினைப் போட்டு சுபாரு தன் லெகசி காரில் 300 குதிரைத்திறன் எடுத்துக்காட்டியது. அலமாரியில் இருந்ததை எடுத்துப் பொருத்தாமல் விட்டார்கள் என்ற கோபம் நியாயமானதுதான்.

ஆனால் பொறியாளனுக்கு டர்போ தனியாக வருவதில்லை. அதனுடன் இன்டர்கூலர் வரும், குழாய்கள் வரும், கூடுதல் குளிர்விப்பு வரும். கூடிய விசையைத் தாங்க கனமான கியர்பாக்ஸ், கூடிய வேகத்தை நிறுத்தப் பெரிய பிரேக், அந்த பிரேக்கை உள்ளே வைக்கப் பெரிய சக்கரம், சக்கரத்துக்கேற்ற அகலமான டயர். கடைசியில், கூடிய எடையை இழுக்க இன்னும் கொஞ்சம் பவர் வேண்டும் என்று யாராவது சொல்வார்கள். கல்யாண வீட்டில் ஒரே ஒரு பலகாரம் கூட்டலாம் என்று தொடங்குவது போலத்தான். இலையின் அளவு மாறும்போதுதான் தெரியும்.

எடை ஏன் அவ்வளவு முக்கியம்? வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரங்கள் தாங்கிய சுமையில் ஒரு பகுதி வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு நகர்கிறது. எவ்வளவு நகரும் என்பதைக் காரின் எடை, ஈர்ப்பு மையத்தின் உயரம், இரண்டு பக்கச் சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலம் ஆகிய மூன்றும் தீர்மானிக்கின்றன. டயரின் குணம் என்னவென்றால், சுமை இரட்டிப்பானால் பிடி இரட்டிப்பாவதில்லை. கொஞ்சம் குறைவாகவே கூடும். அதனால் சுமை ஒரு பக்கமாகக் குவியக் குவிய நான்கு டயர்களின் மொத்தப் பிடி குறைகிறது. சுமை குறைவாக நகரும் காருக்கு அதே டயரிலும் அதிகப் பிடி கிடைக்கும். சிலிண்டர்கள் இருபக்கமும் படுத்திருக்கும் பாக்ஸர் இன்ஜினை எடுத்து, முடிந்தவரை தாழ்த்திப் பின்தள்ளி வைத்ததற்கு இதுதான் காரணம். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டருக்கும் கீழே. எடை முன்னால் 53 பங்கு, பின்னால் 47 பங்கு. பேலன்ஸ் என்ற சொல்லுக்குப் பின்னால் இவ்வளவு வேலை இருக்கிறது. அதை விளம்பரப் பேச்சு என்று ஒதுக்குவது தவறு.

சரி, 86-க்கு உண்மையிலேயே பவர் குறைவா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழைய ஏஇ86-க்கு ஒரு டன் எடைக்கு 138 குதிரைத்திறன். 1,230 கிலோ எடையுள்ள புது 86-க்கு 163. பழைய எண் அன்றைய தாராளமான அளவுமுறையில் எடுத்தது என்பதால் உண்மையான இடைவெளி இன்னும் பெரிது. ஆக, புராணத்தில் வரும் காரைவிட இது வலுவானது. பிறகு ஏன் 'பத்தல'?

பக்கத்து வீடு மாறிவிட்டது என்பது ஒரு பதில். 2013 வாக்கில் ஒரு கோல்ஃப் ஜிடிஐ, குடும்பக் காரின் உடம்புக்குள் 220 குதிரைத்திறனும் 350 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் வைத்திருந்தது. அந்த முறுக்குவிசை முழுவதும் 1,500 சுழற்சியிலேயே கிடைத்துவிடும். டர்போ காரில் பழகிய கால் மிதித்தவுடன் முதுகில் ஓர் உந்தலை எதிர்பார்க்கும். 86-இல் அது வராது. அதன் உச்ச முறுக்குவிசையான 205 நியூட்டன் மீட்டர் 6,400 சுழற்சியைத் தொட்ட பிறகுதான் வரும். சாதாரணமாக நகரத்துக்குள் ஓட்டுகிறவர் அந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை. "ஒரு மைவி முந்திட்டுப் போயிரும்டா" என்ற கிண்டல் இங்கிருந்துதான் வருகிறது. இதற்கு ரசிகர்கள் சொல்லும் பதிலும் தயாராக இருக்கும்: "கியரைக் குறை, மேலே தூக்கி ஓட்டு."

இதுவரை ரசிகர்கள் பக்கமே நியாயம் இருப்பதாகத் தெரியும். ஆனால் கியரைக் குறைக்கத் தெரிந்தவர்களும் ஒரு குறையைச் சொன்னார்கள். அதைத்தான் யாரும் கவனித்துக் கேட்கவில்லை.

எஃப்ஏ20-இன் முறுக்குவிசை வரைபடத்தைப் பார்த்தால் கோடு நேராக மேலே போகாது. 3,000 சுழற்சி அளவுக்கு நன்றாக ஏறி, அதற்குப் பிறகு சரிந்து, 4,500-ஐத் தாண்டியதும் மறுபடி ஏறும். ஏறத்தாழ 3,500-க்கும் 4,500-க்கும் நடுவில் ஒரு பள்ளம். பள்ளம் விழுந்த இடம் சாதாரணமானதில்லை. மலைப்பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்பி, கார் நேராகத் தொடங்கும் நேரத்தில் ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்துகிறார். பின்சக்கர இயக்கக் காரின் முழு அர்த்தமும் அந்த ஒரு நொடியில்தான் இருக்கிறது. முன்சக்கரம் திசையைப் பார்த்துக்கொள்ள, பின்சக்கரம் எவ்வளவு தள்ளுகிறதோ அந்த அளவுக்குக் கார் வளையும். வலது காலும் ஒரு ஸ்டீயரிங் ஆகிவிடும். பெரும்பாலான வளைவுகளில் அந்த நொடியில் இன்ஜின் சுழல்வது அதே நடுப்பகுதியில். கால் கேட்கிறது, இன்ஜின் யோசிக்கிறது.

இதற்குப் பெயர் 'பவர் குறைவு' இல்லை. உச்சத்தில் இன்னொரு 100 குதிரைத்திறனைக் கொண்டுவந்து வைத்திருந்தாலும் பள்ளம் பள்ளமாகவே இருந்திருக்கும். இது பேலன்ஸில் விழுந்த ஓட்டை. முன்னும் பின்னும் எடையைப் பங்கிட்டது போல, காலின் அசைவுக்கும் சக்கரத்தின் பதிலுக்கும் நடுவிலும் ஒரு பங்கீடு வேண்டும். முதல் பங்கீட்டை மில்லிமீட்டர் கணக்கில் செய்தவர்கள் இரண்டாவதில் கோட்டைவிட்டார்கள். பேலன்ஸ் என்று சொல்லி விற்கப்பட்ட காருக்கு இதைவிடக் கடுமையான விமர்சனம் இருக்க முடியாது. ஆனால் அதைச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் பேலன்ஸ் தரப்பினர். அவர்களோ, பவர் கேட்கிறவனுக்கு ஓட்டத் தெரியாது என்று சொல்வதில் மும்முரமாக இருந்தார்கள்.

இந்த வாதம் நமக்குப் புதியதில்லை. ஒரு சிறுகதைக் கலந்துரையாடலில் வாசகர் ஒருவர் எழுந்து, "கதையில ஏதோ வேகம் இல்லைங்க" என்கிறார். வேகம் என்ற சொல் தப்பாக இருக்கலாம். அவர் கேட்பது கொலையோ திருப்பமோ இல்லை. மூன்றாம் பக்கத்தில் ஒரு பாத்திரம் எடுக்கும் முடிவுக்குக் கதை பதில் கொடுக்காமல் நழுவிய இடத்தில் அவர் தடுக்கி விழுந்திருக்கிறார். அதற்குச் சரியான பெயர் அவரிடம் இல்லை, 'வேகம்' என்ற சொல்தான் கைக்குக் கிடைத்தது. உடனே ஒருவர் எழுந்து, இது நுட்பமான கதை, வேகத்தை எதிர்பார்ப்பது வணிக வாசிப்பு என்று பேசிவிட்டு உட்காருகிறார். கைதட்டல். மூன்றாம் பக்கத்தில் உள்ள ஓட்டை அப்படியே இருக்கிறது. எழுதியவருக்கு அதைத் தெரிந்துகொள்ளக் கிடைத்த ஒரே வாய்ப்பும் போய்விட்டது. புகார் சொல்பவருக்கு வலிக்கிற இடம் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். நோய்க்கு அவர் வைக்கும் பெயரைத்தான் நம்பக் கூடாது. விமர்சகனுக்கு வேலை என்று ஒன்று இருந்தால், இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் அது.

டொயோட்டாவும் சுபாருவும் அந்த வேலையைச் செய்தார்கள் என்பதற்கு 2021-இல் வந்த காரே சாட்சி. இன்ஜின் எஃப்ஏ24 ஆனது, 2.4 லிட்டர். டர்போ இல்லை. உச்ச பவர் 200-லிருந்து 235. முறுக்குவிசை 205-லிருந்து 250. விளம்பரங்கள் இந்த எண்களைத்தான் பெரிதாகக் காட்டின. எனக்கு முக்கியமாகப்பட்டது வேறொரு எண். உச்ச முறுக்குவிசை இப்போது 3,700 சுழற்சியிலேயே வந்துவிடுகிறது. முன்பு பள்ளம் இருந்த அதே இடத்தில் இப்போது சிகரம் இருக்கிறது. கூரையை உயர்த்துவதைவிடத் தரையில் இருந்த குழியை மூடுவதில்தான் அக்கறை காட்டியிருக்கிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. முறுக்குவிசையைச் சுழற்சி வேகத்தால் பெருக்கினால் பவர் வரும். 3,700 சுழற்சியில் 250 நியூட்டன் மீட்டர் என்றால் ஏறத்தாழ 132 குதிரைத்திறன். பழைய ஏஇ86 தன் இன்ஜினை உச்சிக்கு விரட்டி எடுத்த 130-ஐ, புதிய கார் வளைவைவிட்டு வெளியே வரும்போதே கையில் வைத்திருக்கிறது.

இந்த மாற்றத்துக்கு அவர்கள் விலை கொடுத்தார்கள். முதல் 86-இன் இன்ஜினில் சிலிண்டரின் விட்டம் 86 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் 86 மில்லிமீட்டர். பெயருக்கேற்ற பொருத்தம் என்று ரசிகர்கள் சொல்லிச் சொல்லி மகிழ்ந்த எண். புதிய இன்ஜினில் விட்டம் 94 ஆகிவிட்டது, 86 பிஸ்டன் ஓடும் தூரத்தில் மட்டும் மிஞ்சியது. அடையாளமாக மாறிப்போன ஒரு எண்ணை உடைத்துத்தான் குழியை மூட முடிந்தது. வரிக் கணக்கும் உண்டு. ஜப்பானிலும் மலேசியாவிலும் சாலை வரி இன்ஜின் கொள்ளளவைப் பார்த்துப் போடப்படுவது. தீபகற்ப மலேசியாவில் 1,998 சிசி காருக்கு ஆண்டுக்கு 380 ரிங்கிட்டுக்குள் முடியும் வரி, 2,387 சிசி ஆகும்போது 760-ஐத் தாண்டிவிடும். டர்போ போட்டிருந்தால் கொள்ளளவு கூடியிருக்காது, வரியும் ஏறியிருக்காது. இருந்தும் கொள்ளளவைக் கூட்டினார்கள். மிதித்தவுடன் தாமதமில்லாத பதில் வேண்டும் என்றால் பெரிய இன்ஜினே எளிய வழி. இழந்த எண்ணைவிட அந்த பதில் முக்கியம் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். பழையதை மீட்டெடுக்கும் எந்த வேலையிலும் இந்தக் கேள்வி வரும். முன்னோரின் அடையாளத்துக்கு விசுவாசமாக இருப்பதா, அவருடைய நோக்கத்துக்கா? நோக்கத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதால் இரண்டாவது 86 முதலாவதைவிட நல்ல கார் என்பது என் தீர்ப்பு.

ஆனால் முழு மதிப்பெண் கொடுக்க முடியவில்லை. அதற்குக் காரணம் எடை. கூரையையும் முன்பக்கத் தகடுகளையும் அலுமினியத்தில் செய்தும் ஜிஆர்86-இன் எடை 1,270 கிலோவுக்கு அருகில் வந்து நிற்கிறது. ஏஇ86-ஐவிட 330 கிலோ அதிகம். பழைய காரில் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு பந்தயம் ஓடுவது மாதிரி. ஏர்பேக், மோதலைத் தாங்கும் உடற்கூடு என்று அதில் பெரும்பகுதி நியாயமான எடை, உயிரைக் காப்பாற்றும் எடை. இருந்தாலும் அதே ஜப்பானில் மஸ்டா 2015-இல் வெளியிட்ட எம்எக்ஸ்-5, 1.5 லிட்டர் இன்ஜினோடு 990 கிலோவில் நின்றது. பவர் 131 குதிரைத்திறன். நவீன விதிகளுக்குள் ஏஇ86-இன் கணக்குக்கு மிகப் பக்கத்தில் போன கார் அது. இரண்டே இருக்கை, துணிக் கூரை என்ற வசதிக் குறைவை ஏற்றுக்கொண்டதால் முடிந்தது. 86 பின்னிருக்கையையும் இரும்புக் கூட்டையும் விடவில்லை.

நமக்கு நெருக்கமான உதாரணமும் ஒன்று இருக்கிறது. 1996-இல் புரோட்டோன், இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தை வாங்கியது. 2017 வரை அது மலேசியர் கையில்தான் இருந்தது. அதே 1996-இல் விற்பனைக்கு வந்த லோட்டஸ் எலீஸின் எடை 725 கிலோ, பவர் 120 குதிரைத்திறனுக்குக் கொஞ்சம் கீழே. டன்னுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் முதல் 86-இன் அதே 163-க்குப் பக்கத்தில்தான் வரும். ஆனால் எலீஸைப் பற்றிப் பேசுகிறவர்கள் யாரும் பேச்சை பவரிலிருந்து தொடங்குவதில்லை. விகிதம் ஒன்றாக இருந்தாலும் 500 கிலோ குறைவாக இருக்கும்போது பிரேக், டயர், திருப்பம் எல்லாமே வேறாகிவிடுகின்றன. பேலன்ஸ் தரப்பினர் உண்மையில் கேட்டிருக்க வேண்டியது இதைத்தான். "டர்போ வேண்டாம்" என்று சொல்வதில் செலவிட்ட சத்தத்தில் பாதியை "இன்னும் 100 கிலோ குறையுங்கள்" என்று கேட்பதில் செலவிட்டிருக்கலாம்.

இந்தச் சண்டையை இன்றும் போடுவதில் என்ன பயன் என்று கேட்டால், காலம் மாறிவிட்டது என்பதுதான் பதில். ஐரோப்பாவில் 2024-இல் வந்த புதிய பாதுகாப்பு விதிகளால் ஜிஆர்86 அங்கே இரண்டே ஆண்டுகள்தான் விற்கப்பட்டது. இன்னொரு பக்கம், அதே ஆண்டு மலேசியாவில் விற்பனைக்கு வந்த பிஒய்டி சீல் மின்சாரக் காரின் உயர்ரக மாடல் 530 குதிரைத்திறன் கொடுக்கிறது. நூறு கிலோமீட்டர் வேகத்தை 3.8 நொடியில் தொடுகிறது. குடும்பத்தோடு கோயிலுக்குப் போகிற கார். எடை ஏறத்தாழ 2,200 கிலோ. ஜிஆர்86-க்கு அதே வேலைக்கு 6.3 நொடி ஆகும். இங்கே ஜிஆர்86 சீலைவிட விலையும் அதிகம்.

ஆக, பவர் தரப்பு ஜெயித்துவிட்டது, அதுவும் எந்த ரசிகரும் கனவு காணாத அளவுக்கு. பவர் இப்போது மலிவு. பேட்டரியையும் மோட்டாரையும் பெரிதாக்கினால் போதும். யாராலும் மலிவாகச் செய்ய முடியாமல் போனது லேசான கார்தான். பேட்டரி யுகத்தில் அது இன்னும் அரிதாகும். அடுத்த தலைமுறைப் பொறியாளர்களிடம், நம்மில் சிலரிடமும்தான், வரப்போகும் கேள்வி "எவ்வளவு பவர்?" என்பதாக இருக்காது. 2,200 கிலோவைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஒரு பொருளில், மனிதனின் கால் அசைவுக்கும் அதன் பதிலுக்கும் நடுவில் இருக்கும் உறவை எப்படிக் காப்பாற்றுவது என்பதாக இருக்கும். அதற்கு 86-இன் வரலாறு பாடமாக உதவும். முதல் காரில் எங்கே தவறினார்கள், இரண்டாவது காரில் எதை விட்டுக்கொடுத்துத் திருத்தினார்கள் என்பதெல்லாம் எண்களோடு நம் முன்னால் இருக்கின்றன.

நம்மில் பெரும்பாலோர் இந்தக் காரை வாங்கப்போவதில்லை. இரண்டு லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் கொடுத்துப் பையை மட்டும் வைக்கக்கூடிய பின்னிருக்கையை வாங்க வீட்டில் யாரும் சம்மதிக்க மாட்டார்கள். ஆனால் அடுத்த முறை யாராவது மேசையில் "பவர் பத்தல" என்று தொடங்கினால், உடனே பேலன்ஸ் என்று பதில் சொல்லிவிடாமல், "எந்த வளைவுல, எந்த கியர்ல அப்படித் தோணுச்சு?" என்று கேளுங்கள். 2012-இலேயே அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் குழி எங்கே இருக்கிறது என்று அன்றே தெரிந்திருக்கும்.